அன்றாடச் செயலிகளின் பயனர் அனுபவம்: தமிழ்த் திரைக்கு வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பணம் அனுப்ப, கரன்ட் பில் கட்ட, பஸ் டிக்கெட் எடுக்க, மளிகை வாங்க என்று தினமும் கையில் எடுக்கிற செயலிகளைப் பற்றிய பக்கம் இது. டிசைனர்களும் டெவலப்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எந்தச் செயலியும் நன்றாகத்தான் தெரியும். விரல் தவறும்போதும் சிக்னல் போகும்போதும் எழுத்து உடையும்போதும் என்ன ஆகிறது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யுஎக்ஸ், அதாவது பயனர் அனுபவம் என்றால் திரையை அழகாக்குவதுதானே?

இல்லை. நிறம், ஐகான், ஃபான்ட் எல்லாம் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒருவர் கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிறார் என்றால், ஐகானைத் தேடித் தொடுவதில் தொடங்கி, பதிவு எண்ணோடு எஸ்எம்எஸ் வருவது வரை எல்லாமே யுஎக்ஸ்தான். அந்த எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் சேர்த்தி. அதை யார் எழுதுவது என்றே பல நிறுவனங்களில் முடிவாகியிருக்காது.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஆப்பிள் சொல்வது குறைந்தது 44 × 44 பாயின்ட். கூகுள் சொல்வது 48 × 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு), அதாவது திரையில் சுமார் 9 மில்லிமீட்டர். 2023 அக்டோபரில் வந்த வெப் அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு 24 × 24 பிக்சல் வரை இறங்க அனுமதிக்கிறது. ஆனால் அது தாண்டக் கூடாத கீழ்க்கோடு மட்டும்தான். அதை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐகான் சிறிதாக இருக்கலாம், தொடுபரப்பு சிறிதாக இருக்கக் கூடாது. 24 டிபி ஐகானைச் சுற்றி நான்கு பக்கமும் 12 டிபி இடம் விட்டால் 48 வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களுக்கு நடுவே 8 டிபி விடுங்கள். ‘நீக்கு’, ‘பணம் அனுப்பு’ போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் குப்பைத்தொட்டி ஐகானை வலது ஓரத்தில் வைப்பது பழகிப்போன தவறு. ஸ்க்ரோல் செய்யும் கட்டைவிரல் போய் விழும் இடமே அதுதான்.

முக்கியமான பட்டன் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா?

கீழே. கைபேசி வடிவமைப்பு ஆய்வாளர் ஸ்டீவன் ஹூபர் 2013-இல் பொது இடங்களில் 1,333 பேர் கைபேசி பிடிப்பதைக் கவனித்து எழுதியதில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால் பயன்படுத்தினார்கள். அன்றைய திரைகள் இன்றைக்கு இருப்பதைவிடச் சிறியவை. இன்று 6.5 அங்குலத் திரையின் மேல் மூலையை ஒரு கையால் தொட, கைபேசியை உள்ளங்கையில் நகர்த்தித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கீழே வைக்கும்போது இரண்டு சிக்கல் வரும். ஒன்று, கீபோர்டு திறந்ததும் ‘தொடர்க’ பட்டன் அதன் பின்னால் மறைந்துவிடும். எண்ணைத் தட்டி முடித்தவர் ‘அடுத்து என்ன?’ என்று முழிப்பார். பட்டன் கீபோர்டுக்கு மேலே ஏறி உட்கார வேண்டும். இரண்டாவது, ஆண்ட்ராய்டு 10 முதல் திரையின் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி இழுத்தால் ‘பின்செல்’ என்று பொருள். ஓரம் வரை நீளும் பக்கவாட்டுப் பேனர்களை வைத்தால், படத்தைத் தள்ளப் போனவர் பக்கத்தை விட்டே வெளியேறிவிடுவார்.

கீழ்ப்பட்டியில் மூன்று முதல் ஐந்து தாவல் (டேப்) போதும். 360 டிபி அகலத் திரையில் ஐந்து என்றால் ஒவ்வொன்றுக்கும் 72 டிபிதான் கிடைக்கும். ‘பரிவர்த்தனைகள்’ அதில் அடங்காது, ‘வரலாறு’ அடங்கும். எழுத்து அடங்கவில்லை என்று ஐகானை மட்டும் விட்டுவைப்பது தீர்வாகாது. தாவலைக் குறையுங்கள்.

தமிழ் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகிறது. ஏன்?

பெரும்பாலும் பட்டனுக்கோ பெட்டிக்கோ நிலையான உயரம் கொடுத்திருப்பதுதான் காரணம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பெட்டியில் ‘நீ’யின் சுழி மேலே இடிக்கும், ‘கூ’வின் வால் கீழே இடிக்கும். செய்ய வேண்டியவை: உயரத்தை நிலையாக வைக்காமல் ‘குறைந்தபட்ச உயரம்’ என்று மட்டும் கொடுங்கள், மேலும் கீழும் 12 டிபி உள்ளிடைவெளி விடுங்கள், வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காக வையுங்கள். பத்தி நீளமாக இருந்தால் 1.6 கூடப் போகலாம்.

ஆண்ட்ராய்டில் ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால், உயரம் சுருக்கப்பட்ட தமிழ் எழுத்துருவைக் கணினி எடுத்துக்கொள்ளும். இயக்கினால் எழுத்து அதன் இயல்பான உயரத்தில் வரும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துக் கட்டும் செயலிகளில் இது தானாகவே இயங்கிய நிலையில் இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றையும் பாதிக்கிற மாற்றம் அது. நேற்று வரை சரியாக இருந்த திரை, இலக்குப் பதிப்பை உயர்த்தியதும் ஏன் நீண்டு போனது என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

சோதிக்க ‘ஸ்ரீரங்கம்’, ‘கூட்டுறவு’, ‘நீக்கு’ மூன்றையும் எல்லாப் பெட்டியிலும் போட்டுப் பார்த்தாலே முக்கால்வாசிக் கோளாறு வெளியே வந்துவிடும். பிறகு கைபேசி அமைப்புகளில் எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் அது 200 சதவீதம் வரை போகும். அந்த அளவில் பட்டன் எழுத்து இரண்டு வரியாக மடிந்தால் பரவாயில்லை, வெட்டுப்பட்டால்தான் பிரச்சினை.

ஆங்கிலத் திரையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டும் அழுத்தம் தமிழில் கிடையாது. சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒட்டுவதில்லை, கணினியே சாய்த்த எழுத்து கண்ணை உறுத்தும். தடிமன், நிறம், அளவு இந்த மூன்றை வைத்துத்தான் அழுத்தம் காட்ட வேண்டும்.

பெயர் பெட்டியில் 20 எழுத்து வரம்பு வைத்தோம். தமிழில் அதற்கு முன்பே நின்றுவிடுகிறதே?

நாம் எண்ணுவது எழுத்தை, நிரல் எண்ணுவது குறியீட்டை. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. யுனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். தரவுத்தளத்தில் பைட் கணக்கில் வரம்பு வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நீண்ட பெயரை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் இடத்திலும் இதே கோளாறுதான். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் ‘மீனாட்சி’ என்பது ‘மீனாட்ச’ என்று நிற்கும். மீதியை அடுத்த வரியில் போட்டால், தனியாகிப்போன குறி புள்ளி வட்டத்தோடு தெரியும். ஜாவா, காட்லின் நிரல்மொழிகளில் ‘பிரேக் இட்டரேட்டர்’ கொண்டு எழுத்து எல்லையைக் கண்டுபிடித்து வெட்டுங்கள். ஸ்விஃப்டில் ‘கேரக்டர்’ என்பதே முழு எழுத்தைத்தான் குறிக்கும், அங்கே கவலையில்லை.

தேடலில் இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். ‘கொ’வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்எஃப்சி என்ற யுனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். மளிகைச் செயலி என்றால் ‘தக்காளி’ என்று தமிழில் தட்டினாலும், அதையே ஆங்கில எழுத்தில் தட்டினாலும், ஆங்கிலப் பெயரைத் தட்டினாலும் ஒரே பொருள் வர வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களே ஏராளம்.

எஸ்எம்எஸ்ஸிலும் இந்தக் கணக்கு கையைக் கடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரிந்து போகும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ‘உங்கள் ஓடிபி 482913. யாரிடமும் சொல்லாதீர்கள்.’ என்பது 45 குறியீடு, தாராளமாக அடங்கும்.

ஆங்கிலத்தில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழாக்கினால் போதாதா?

போதாது, ஏனென்றால் வாக்கியத்தை நிரலே ஒட்டிச் சேர்க்கும் இடங்களில் தமிழ் உடையும். ஊர்ப் பெயரோடு ‘க்கு’ சேர்க்கும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ‘மதுரைக்கு’ ஆகும், திருச்சி ‘திருச்சிக்கு’ ஆகும், சோதித்தவரும் சரி என்று விட்டுவிடுவார். சேலம் வந்ததும் ‘சேலம்க்கு’ என்று நிற்கும். வேண்டியது ‘சேலத்துக்கு’. ஒவ்வொரு ஊருக்கும் வேற்றுமை வடிவம் சேமிப்பதைவிட, வாக்கியத்தையே தவிர்ப்பது சுலபம்: ‘ஏறும் இடம்: மதுரை’, ‘இறங்கும் இடம்: சேலம்’. மனிதப் பெயர்களுக்கும் இதே வழிதான். ‘முருகன்க்கு ₹500 அனுப்பப்பட்டது’ என்பதைவிட ‘₹500 அனுப்பியாயிற்று. பெறுபவர்: முருகன்’ நன்றாக இருக்கும்.

எண்ணிக்கைக்கு ஒருமை, பன்மை என இரண்டு வடிவம் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘1 பொருள்கள்’ என்று வரும்.

பட்டனில் ‘அனுப்பு’, ‘சேமி’, ‘நீக்கு’ என்று ஏவலில் எழுதலாம். அது இயந்திரத்துக்கு இடும் கட்டளை, யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. பயனரைப் பார்த்துப் பேசும் வரியில் ‘உங்கள் எண்ணைச் சரிபாருங்கள்’ என்று மரியாதை வேண்டும். ஒரே திரையில் ‘சேமி’, ‘சேமிக்க’, ‘சேமிக்கவும்’ மூன்றும் கலந்து கிடப்பதுதான் அசிங்கம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

சொல் தேர்வில் எங்கள் கட்சி இது: ‘உள்நுழை’, ‘பதிவிறக்கு’, ‘கணக்கு’ நன்றாகப் பழகிவிட்டன, வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓடிபி’, ‘ரீசார்ஜ்’, ‘க்யூஆர்’ போன்றவற்றை வலிந்து மாற்றாதீர்கள். பணம் போகிற திரையில் அகராதியைத் திறக்க யாருக்கும் நேரமில்லை.

மொழித் தேர்வை எங்கே வைப்பது?

முதல் திரையில், உள்நுழைவதற்கு முன்பு. பிறகு அமைப்புகளிலும். மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே ‘தமிழ்’, ‘മലയാളം’ என்று காட்டுங்கள். கொடிப் படம் வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் தமிழ் ஆட்சிமொழி, எந்தக் கொடியைப் போடுவீர்கள்? ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது, அதோடு உங்கள் தேர்வை இணைத்துவிடுங்கள். எண்ணை அச்சிடும்போது நாட்டையும் பாருங்கள்: இந்தியத் தமிழருக்கு 12,34,567, சிங்கப்பூர்த் தமிழருக்கு 1,234,567.

சர்வரிலிருந்து வரும் பிழைச் செய்திகள்தான் வழக்கமாக விட்டுப்போவது. திரை முழுக்கத் தமிழ், தப்பு நடந்தால் மட்டும் ஆங்கிலம். உதவி தேவைப்படும் நொடியில் மொழி மாறுகிறது. சர்வர் பிழை எண்ணை மட்டும் அனுப்பட்டும், வாசகத்தைச் செயலி தமிழில் காட்டட்டும். சட்டக் கோணமும் உண்டு. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும்.

படிவத்தில் ஆட்கள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கே தவறு?

முதலில் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்கியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஓரெழுத்தைப் போட்டால் ‘குறைந்தது 2 எழுத்து’ என்று சிவப்பாகக் கத்தும். புள்ளி வைத்தால் ‘சிறப்புக் குறி கூடாது’ என்று மறுபடியும் கத்தும். ஒரே பெட்டி, ‘முழுப் பெயர்’, புள்ளிக்கும் இடைவெளிக்கும் அனுமதி. அவ்வளவுதான்.

கைபேசி எண்ணுக்கு எண் கீபோர்டைத் திறங்கள். ஒட்டப்பட்ட எண்ணில் +91, முன்னால் 0, நடுவே இடைவெளி எது இருந்தாலும் நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள், பயனரைத் திட்டாதீர்கள். பின்கோடு 6 இலக்கம், 0-இல் தொடங்காது. அதை முதலில் கேட்டு மாவட்டத்தையும் மாநிலத்தையும் தானாக நிரப்பினால் இரண்டு பெட்டி மிச்சம். வங்கிக் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11 இடம்: முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஐந்தாவது இடத்தில் ஆங்கில ‘ஓ’வைத் தட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும். அதைப் பிழையாகக் காட்டாமல் பூஜ்யமாகத் திருத்திவிடலாம்.

பிழையை அந்தப் பெட்டியின் கீழேயே காட்டுங்கள், அடுத்த பெட்டிக்குப் போன பிறகு காட்டுங்கள். முதல் இலக்கம் தட்டும்போதே ‘தவறான எண்’ என்பது முகத்தில் அடிப்பது போன்றது. ‘தவறான உள்ளீடு’ என்று மொட்டையாக எழுதாமல் ‘10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது’ என்று எழுதுங்கள்.

ஓடிபி திரையில் கவனிக்க வேண்டியவை?

ஆறு தனித்தனிப் பெட்டி பார்க்க அழகு. ஆனால் பல செயலிகளில் அதில் ஒட்ட முடியாது, நடுவில் ஒரு இலக்கத்தைத் திருத்தவும் முடியாது. உள்ளே ஒரே பெட்டியாக வைத்து, பார்க்க மட்டும் ஆறாகக் காட்டுங்கள். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் முழுவதையும் படிக்க அனுமதி கேட்காதீர்கள், அந்த ஒரு செய்தியை மட்டும் எடுக்கத் தனி வழியே இருக்கிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 12 முதல் கீபோர்டுக்கு மேலேயே எண் வந்து நிற்கும், பெட்டியின் வகையைச் சரியாகக் குறித்தால் போதும்.

குறைந்த ரேம் கொண்ட கைபேசியில் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கப் போய்த் திரும்பினால் செயலியே முதலிலிருந்து தொடங்கிவிடும். அதுவரை தட்டியதெல்லாம் போய்விடும். திரையின் நிலையைச் சேமித்து வைத்து, அதே ஓடிபி பெட்டியில் கொண்டுவந்து விடுங்கள். ‘மீண்டும் அனுப்பு’ எத்தனை நொடியில் இயங்கும் என்பதையும் எந்த எண்ணுக்கு அனுப்பினோம் என்பதையும் காட்டுங்கள். எண் தவறென்றால் மாற்ற வழி பக்கத்திலேயே இருக்கட்டும்.

பணம் பிடித்தமாகிவிட்டது, எதிராளிக்குப் போகவில்லை. அந்தத் திரையில் என்ன எழுத வேண்டும்?

செயலியின் தரத்தை ஒரே திரையில் எடைபோடச் சொன்னால் இதைத்தான் கேட்போம். யுபிஐயில் முடிவு இரண்டு அல்ல, மூன்று: போய்ச் சேர்ந்தது, தோற்றது, இன்னும் தெரியவில்லை. பல செயலிகள் மூன்றாவதைச் சுழலும் வட்டமாகவோ ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்றோ காட்டிவிடுகின்றன. கடைக்காரர் முன்னால் நிற்பவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மறுபடி அனுப்புவார். இரண்டு முறை பணம் போகும்.

எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: ‘₹640 உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. பெறுபவரின் வங்கி இன்னும் உறுதி செய்யவில்லை. இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம். முடிவு தெரிந்ததும் அறிவிப்பு வரும்.’ அதன் கீழே 12 இலக்கப் பரிமாற்ற எண், நகலெடுக்க ஒரு பட்டன். தேதி, நேரம், பெறுபவர் பெயர் ஸ்கிரீன்ஷாட்டில் சேர்ந்து வரும்படி ஒரே திரைக்குள் வையுங்கள். கடையில் காட்டுவதும் வங்கிக்கு அனுப்புவதும் அதைத்தான்.

எப்போது திரும்பும் என்பதையும் சொல்லலாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தபடி, தனிநபருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. இந்த நாள் கணக்கைத் தேதியாகவே போடுங்கள், ‘விரைவில்’ என்று எழுதாதீர்கள்.

நிரல் பக்கத்தில், ‘செலுத்து’ பட்டனைத் தொட்டதும் அது செயலிழக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண் சேர்த்து அனுப்பினால், வலை தடுமாறி ஒரே கோரிக்கை இரண்டு முறை போனாலும் சர்வர் ஒன்றைத்தான் ஏற்கும். வெற்றித் திரையின் பச்சை டிக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ‘கோரிக்கை அனுப்பப்பட்டது’ என்பதற்குப் பச்சை டிக் போட்டால் பணமே வந்துவிட்டதாக நினைப்பார்கள். ரகசிய எண் (பின்) கேட்கும் திரையில் ‘பணம் பெற பின் தேவையில்லை’ என்ற வரி பெட்டிக்கு மேலேயே இருக்கட்டும். பின் போட்டால் பணம் வரும் என்று நம்பவைத்துத்தான் பல மோசடிகள் நடக்கின்றன.

திரை திறக்க எவ்வளவு நேரம் ஆகலாம்?

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிவைத்த கணக்கு இன்றும் செல்லும்: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும், 1 நொடி வரை எண்ணம் அறுபடாது, 10 நொடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். தொட்டதும் பட்டன் நிறம் மாறுவது முதல் கணக்கில் வர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மறுபடி மறுபடி தட்டுவார்கள்.

அனுமதிகளை எப்போது கேட்பது?

தேவைப்படும் நொடியில். க்யூஆர் ஐகானைத் தொடும்போது கேமரா, முகவரி சேர்க்கும்போது இருப்பிடம். நிறுவியதும் வரிசையாகக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். மறுப்புக்கு விலை உண்டு: ஐஃபோனில் ஒருமுறைதான் கேட்க முடியும், ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டாம் முறை மறுத்தால் அதற்குப் பின் பெட்டியே வராது. மறுத்தவருக்கும் வழி வையுங்கள்: இருப்பிடம் தராதவர் பின்கோடு தட்டட்டும்.

எது டார்க் பேட்டர்ன்? மார்க்கெட்டிங் கேட்டால் என்ன சொல்வது?

பயனரை ஏமாற்றி, அவர் நினைக்காததைச் செய்யவைக்கும் வடிவமைப்பு. வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் இதற்குப் பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. மார்க்கெட்டிங்கிலிருந்து வழக்கமாக வரும் கோரிக்கைகளில் எவை அதில் விழும் என்று பாருங்கள். ‘2 மட்டுமே மீதம்’ என்ற பொய் அவசரம். கேட்காமலே நன்கொடையையோ காப்பீட்டையோ கூடையில் போடுவது. ‘வேண்டாம், எனக்குச் சேமிப்பில் ஆர்வமில்லை’ என்று மறுப்பவரைக் கூச வைப்பது. கடைசித் திரையில் திடீரென்று முளைக்கும் கட்டணம். சேருவது ஒரு தொடுகை, விலகுவதற்கு மட்டும் போன் செய்ய வேண்டிய சந்தா. இவை ஐந்தும் பட்டியலில் உண்டு. ‘சட்டப்படி கூடாது’ என்பது கூட்டத்தில் செல்லுபடியாகும் பதில்தான். நுகர்வோர் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெயிலில் திரை தெரியவில்லை என்கிறார்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் 4.5:1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் #999999 சாம்பல் 3-ஐக்கூடத் தொடாது, #767676 தான் எல்லை. ஆரஞ்சுப் பட்டனில் வெள்ளை எழுத்தும் தேறாது. வரவு பச்சை, செலவு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் + − குறியும் போடுங்கள், நிறக்குருடு உள்ளவருக்கு அது ஒன்றுதான் அடையாளம். திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பணம் அனுப்பிப் பாருங்கள். பெயரில்லாத ஐகான் ஒவ்வொன்றும் வெறுமனே ‘பட்டன்’ என்று ஒலிக்கும்.

சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஒரு வகையினருக்கு ஐந்து பேர். மேலே சொன்ன நீல்சனும் ஆய்வாளர் லாண்டவரும் போட்ட கணக்குப்படி ஐந்து பேரிடமே சுமார் 85 சதவீதக் கோளாறுகள் வெளிப்படும். ஆனால் கல்லூரி மாணவர் ஐந்து பேரும் காய்கறிக் கடைக்காரர் ஐந்து பேரும் ஒரே வகை அல்ல. அலுவலகத்தின் புதுக் கைபேசியைத் தராதீர்கள். அவரவர் கைபேசியில், கீறல் விழுந்த டெம்பர் கிளாஸ் ஒட்டிய திரையில், வைஃபை இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். ‘இந்தப் பட்டனைத் தொடுங்கள்’ என்று சொன்னால் சோதனையே வீண். ‘உங்கள் அண்ணனுக்கு ₹1 அனுப்புங்கள்’ என்று வேலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்குங்க’ என்பார்கள், விருந்தாளியிடம் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் பதிலை எழுதாதீர்கள். விரல் எங்கே தயங்கியது, எத்தனை முறை பின்னால் போனார், எந்தச் சொல்லை வாய்விட்டு இரண்டு முறை படித்தார் என்பதை எழுதுங்கள்.